சறுக்கலுக்கு அடுத்த வேளை

சர்க்கரையை விடுவது என்று முடிவெடுத்தவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி முதல் வாரத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. வீட்டில் இருக்கும் இனிப்புகளை அப்புறப்படுத்துங்கள், தலைவலி வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று தொடங்கி, ஒரு மாதத்தில் எல்லாம் பழகிவிடும் என்று அவை முடிந்துவிடுகின்றன. இரண்டாம் மாதத்தில், களைத்துப்போன ஓர் இரவில் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துவிட்ட ஒருவர் மறுநாள் காலை என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அவற்றில் இடமே இருப்பதில்லை. சில ஆண்டுகளாக இந்த முயற்சியில் இருப்பவன் என்ற முறையில், முயற்சி நிலைக்குமா நின்றுபோகுமா என்பதைத் தீர்மானிப்பது முதல் வாரம் அல்ல, அந்த மறுநாள் காலைதான் என்று உறுதியாக நம்புகிறேன். சறுக்கல் எல்லோருக்கும் வருகிறது. அதற்கு அடுத்த வேளை என்ன நடக்கிறது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வேறுபாடு இருக்கிறது.

எதை விடுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், உணவிலும் பானத்திலும் நாமோ சமைப்பவரோ தயாரிப்பாளரோ சேர்க்கும் சர்க்கரையையும், தேன், சிரப், பழச்சாறு ஆகியவற்றில் இயல்பாக இருக்கும் சர்க்கரையையும் ஒரே வகையாகக் கருதுகிறது. நாள் ஒன்றுக்கு நாம் பெறும் மொத்தக் கலோரியில் இந்த வகைச் சர்க்கரையின் பங்கு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் கூடுதல் நன்மை உண்டு என்றும் அது கூறுகிறது. 2,000 கலோரி உண்பவருக்கு முதல் வரம்பு 50 கிராம், இரண்டாவது 25 கிராம். ஒரு தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று வைத்தால், முறையே பன்னிரண்டு கரண்டியும் ஆறு கரண்டியும் ஆகிறது. 330 மில்லி கோலா டின் ஒன்றில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை இருக்கிறது என்பதை இதனோடு வைத்துப் பார்த்தால், உணவுத் தட்டில் கை வைப்பதற்கு முன்பே ஒரு நாளின் கணக்கு எப்படி முடிந்துபோகிறது என்பது விளங்கும். முழுப் பழத்திலும் பாலிலும் இருக்கும் சர்க்கரை இந்தக் கணக்கில் வராது. ஆகவே பழத்தையும் சேர்த்து ஒதுக்கிவிட்டு, இரண்டாம் வாரத்தில் பசியும் வெறுப்புமாகக் கைவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்கள் தேவையில்லாத ஒரு போரையும் சேர்த்து நடத்தியிருக்கிறார்கள்.

நாம் கரண்டியால் அள்ளிப் போடும் சர்க்கரை சுக்ரோஸ். சிறுகுடலில் அது குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரிகிறது. குளுக்கோஸ் இரத்தத்தில் கலந்து இன்சுலினை வரவழைக்கிறது. ஃப்ரக்டோஸின் பெரும்பகுதியைக் கல்லீரல் எடுத்துக்கொள்கிறது. சர்க்கரை நோய் இல்லாத பெரியவர் ஒருவரின் இரத்தம் முழுவதிலும் ஒரு நேரத்தில் இருக்கும் குளுக்கோஸ் ஐந்து கிராம் அளவுதான், அதாவது ஒரு தேக்கரண்டியைச் சற்றே தாண்டிய அளவு. இந்தக் கணக்கை முதன்முதலில் படித்தபோது, ஒரு கோப்பைக் குளிர்பானம் உடலிடம் எவ்வளவு வேலையைக் கேட்கிறது என்பது எனக்கு உறைத்தது. இன்றும் கடை அலமாரி முன் நிற்கும்போது அந்த ஐந்து கிராம் நினைவுக்கு வரத்தான் செய்கிறது.

தொடக்க நாள்களின் தலைவலியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சர்க்கரையை நிறுத்தியதால் வந்தது என்று பலர் எண்ணும் தலைவலிக்குப் பல நேரங்களில் காஃபீன்தான் காரணம். சர்க்கரை போட்ட காபியையோ கோலாவையோ நிறுத்துபவர் சர்க்கரையோடு காஃபீனையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறார். காஃபீனை நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, சோர்வு, எரிச்சல் எல்லாம் தொடங்கும். இரண்டாம் நாளை ஒட்டி உச்சத்துக்குப் போகும். சிலருக்கு ஒன்பது நாள் வரைகூட நீடிக்கும். ஆகவே தேநீரையும் காபியையும் விடாமல், அவற்றில் உள்ள சர்க்கரையை மட்டும் குறைப்பதே முறை என்பது என் கருத்து. நான் ஒன்றரைக் கரண்டியிலிருந்து ஒன்றுக்கும், ஒன்றிலிருந்து அரைக்கும், அரையிலிருந்து கரண்டியின் நுனியில் ஒட்டும் அளவுக்கும் வந்து, பிறகு நிறுத்தினேன். ஒவ்வொரு படியிலும் முதல் சில நாள் தேநீர் சப்பென்றிருந்தது; அதன் பிறகு தேயிலையின் துவர்ப்பு தனியாகத் தெரியத் தொடங்கியது. நுனி அளவு என்ற அந்தக் கடைசிப் படிதான் மிக நீண்ட காலம் நீடித்தது. அந்த அளவுக்கு நாக்கில் எந்த இனிப்பும் தெரியாது. ஆனாலும் சர்க்கரை டப்பாவைத் திறந்து, கரண்டியை உள்ளே விட்டு, கோப்பையில் இரண்டு சுற்றுக் கலக்கி எடுக்கும் பழக்கத்தை என் கை விட மறுத்தது. டப்பாவை அடுப்பு மேடையிலிருந்து எடுத்து மேல் அலமாரியில் வைத்த பிறகுதான் அது நின்றது.

நாக்கு மாறும் என்பதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. 2016-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரு குழுவினர் தாங்கள் உண்ணும் சர்க்கரையிலிருந்து வரும் கலோரியை 40 சதவீதம் குறைத்து, மூன்று மாதம் அப்படியே உண்டார்கள். மூன்றாம் மாதத்தில், பழைய உணவையே தொடர்ந்தவர்களைக் காட்டிலும் இவர்களுக்கு அதே புட்டிங் ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதல் இனிப்பாகத் தெரிந்தது. இந்த ஆய்வை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திக்கொள்கிறார்கள். அதன் மற்ற இரண்டு முடிவுகள்தான் எனக்கு அதிகம் பயன்பட்டன. இனிப்பு கூடுதலாகத் தெரிந்ததே தவிர, எவ்வளவு இனிப்பு பிடிக்கும் என்பது மாறவில்லை. விருப்பம்போல் உண்ணலாம் என்று விட்டதும், அவர்கள் விரைவிலேயே பழைய அளவுக்குத் திரும்பினார்கள். நாக்கும் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆசை ஒருநாள் முற்றிலும் வற்றிப்போகும் என்று காத்திருப்பவருக்கு இது ஏமாற்றமான செய்தியாகத் தோன்றலாம். எனக்கு இது பெரும் ஆறுதலாக இருந்தது. பல மாதம் கழித்தும் ஒரு துண்டு கேக்கைப் பார்த்து ஆசை எழுந்தால், என் முயற்சியில் ஏதோ பிசகு என்று பொருளல்ல. ஆசை அங்கேயேதான் இருக்கும். அது இருக்கும்போதே நாள்களை நடத்த வேண்டும்.

இனிச் சறுக்கலுக்கு வருகிறேன். இரவு பத்து மணிக்கு மேல் வேலையை முடித்து எழுந்து, மதியம் சரியாகச் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்த ஒரு நாளில், விருந்தினருக்கென்று வாங்கி வைத்திருந்த பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தேன். நின்றபடியே இரண்டைத் தின்றேன். அந்த இரண்டில் இருந்த சர்க்கரை ஐந்தாறு கிராமுக்கு மேல் இருக்காது. அன்றைய வரம்புக்குள் அடங்கிப்போகும் அளவுதான். ஆனால் மூன்றாவதை எடுப்பதற்கு முன் மனத்துக்குள் ஒரு வாக்கியம் மிகத் தெளிவாக எழுந்தது: இன்றைய நாள்தான் கெட்டுவிட்டதே, மிச்சத்தையும் முடித்துவிடலாம், நாளையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். அந்த வாக்கியத்துக்கு முன்னால் நடந்தது பசி. அதற்குப் பின்னால் நடந்ததற்கும் பசிக்கும் தொடர்பே இல்லை.

இந்த வாக்கியம் எனக்கு மட்டும் உரியதல்ல என்று பின்னர் தெரிந்தது. பீட்டர் ஹெர்மன் என்ற உளவியலாளர் சக ஆய்வாளர் ஒருவருடன் 1975-இல் வெளியிட்ட சோதனையில், சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமைச் சுவைத்து மதிப்பிடச் சொன்னார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். வழக்கமாக உணவில் கட்டுப்பாடு வைக்காதவர்கள், மில்க் ஷேக் குடித்த பிறகு எதிர்பார்த்தபடியே குறைவாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாட்டோடு உண்பவர்களோ, மில்க் ஷேக் குடிக்காதபோது சாப்பிட்டதைவிடக் குடித்த பிறகு அதிகமாகச் சாப்பிட்டார்கள். அடுத்த ஆண்டு உளவியலாளர் ஜேனட் பாலிவி நடத்திய சோதனையில், உணவில் உண்மையில் எத்தனை கலோரி இருந்தது என்பதைவிட, அது கலோரி மிகுந்தது என்ற நம்பிக்கையே கட்டுப்பாட்டோடு உண்பவர்களை அதிகம் உண்ண வைத்தது. வரம்பு உடைந்தது என்ற எண்ணம்தான் அணையைத் திறக்கிறது. உடைத்த உணவின் அளவுக்கு அதில் பெரிய பங்கில்லை.

மதுப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களிடையே இதே போக்கை ஆராய்ந்தவர் ஆலன் மார்லட். ஜூடித் கார்டனுடன் சேர்ந்து 1985-இல் அவர் வெளியிட்ட ஆய்வு நூலின் மையக் கருத்து, ஒருமுறை சறுக்குவதும் பழைய நிலைக்கே திரும்பிவிடுவதும் வெவ்வேறு நிகழ்வுகள் என்பதுதான். சறுக்கியவர் அதற்கான காரணத்தை எங்கே தேடுகிறார் என்பதைப் பொறுத்தே முதலாவது இரண்டாவதாக மாறுகிறது. "எனக்கு மன உறுதியே கிடையாது, நான் இப்படித்தான்" என்று காரணத்தைத் தன் இயல்பிலேயே வைப்பவருக்குக் குற்ற உணர்வும் கையறு நிலையும் சேர்ந்து வருகின்றன. அவற்றை ஆற்றிக்கொள்ள அவர் விட்ட பொருளையே மீண்டும் நாடுகிறார். "மதியம் சாப்பிடவில்லை, இரவு களைப்பாக இருந்தது, பொட்டலம் கையெட்டும் தூரத்தில் இருந்தது" என்று சூழலைப் பார்ப்பவருக்கு, மறுநாள் மாற்றக்கூடிய மூன்று விஷயங்கள் கிடைக்கின்றன. சர்க்கரை மதுவைப் போன்ற அடிமைப்பொருளா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. எலிகளிடம் கண்ட அடிமைத்தன அறிகுறிகளை மனிதர்களுக்கு அப்படியே பொருத்த முடியாது என்ற எதிர்வாதம் வலுவாகவே இருக்கிறது. ஆனால் சறுக்கலுக்குப் பின் மனம் செய்யும் வேலையைப் பொறுத்தவரை, மார்லட் விவரித்தது என் சமையலறையிலும் அப்படியே நடந்தது என்று சொல்வேன்.

அதன் பிறகு ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொண்டேன். எவ்வளவு தின்றேன் என்பதை அதில் எழுதுவதில்லை. எத்தனை மணிக்கு, எங்கே, அதற்கு முந்தைய உணவு எப்போது, முந்தைய இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், யாரோடு பேசிய பிறகு என்று ஐந்து விவரங்கள் மட்டும் எழுதுவேன். சில மாதங்களில் ஒரு வடிவம் தெரிந்தது. தவறிய மதிய உணவும் குறைந்த தூக்கமும் ஏறக்குறைய ஒவ்வொரு பதிவிலும் இருந்தன. இனிப்பைப் பார்த்த மாத்திரத்தில் ஆசைப்பட்டுத் தின்ற பதிவுகள் மிகச் சிலவே. தூக்கத்தைப் பற்றி 2004-இல் வெளியான சிகாகோ ஆய்வு ஒன்று இதற்கு விளக்கம் தருகிறது. இளைஞர் பன்னிரண்டு பேரை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் படுக்க வைத்துப் பார்த்தபோது, பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் 18 சதவீதம் குறைந்தது, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் 28 சதவீதம் கூடியது. அவர்களது நாட்டம் இனிப்பும் உப்பும் மாவுச்சத்தும் மிகுந்த உணவுகளின் பக்கமே அதிகம் சாய்ந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும், ஐந்து மணி நேரம் தூங்கி எழுந்த நாளில் என்னிடமே நான் கடுமை காட்டுவதை நிறுத்த அது உதவியது. அப்படிப்பட்ட நாளில் கூடுதல் உறுதியைவிட, வயிறு நிறைய மதிய உணவுதான் எனக்கு அதிகம் தேவைப்படுகிறது.

சறுக்கிய மறுநாள் பலர் காலை உணவைத் தவிர்க்கிறார்கள். முந்தைய இரவின் கணக்கை நேர்செய்வதாக எண்ணம். என் அனுபவத்தில் இதைவிடக் கெடுதலான பரிகாரம் வேறில்லை. காலையைத் தவிர்ப்பவர் மாலையில் மீண்டும் அதே பசியோடும் களைப்போடும் அதே பொட்டலத்தின் முன் நிற்கிறார், இம்முறை தோல்வி உணர்வும் கூடவே. நான் கடைப்பிடிப்பது ஒன்றே ஒன்றுதான்: அடுத்த வேளை வழக்கமான உணவு, வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவில். கூடுதல் நடையும் கிடையாது, பட்டினியும் கிடையாது. மறுநாள் என்று தள்ளிப்போடுவதும் கிடையாது. இரவு பத்தரைக்குச் சறுக்கினால், பத்தே முக்காலுக்குப் பொட்டலத்தின் வாயை மடித்து ரப்பர் வளையம் போடுவதே அடுத்த வேளையின் தொடக்கம்.

நாள்களை எண்ணுவதில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதற்கும் இதுவே காரணம். கைபேசிச் செயலிகள் காட்டும் தொடர் எண்ணிக்கை ஒரு நாள் தவறியதும் பூஜ்யத்துக்கு இறங்குகிறது. ஆனால் உடலிலும் பழக்கத்திலும் எதுவும் அப்படிப் பூஜ்யத்துக்கு இறங்குவதில்லை. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் நடத்தி, 2010-இல் அச்சில் வந்த ஆய்வில், ஒரு புதிய பழக்கம் யோசிக்காமலே செய்யும் நிலைக்கு வர எடுத்த காலத்தின் இடைநிலை 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதை குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. 21 நாளில் எந்தப் பழக்கமும் படிந்துவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுவதை நம்பி, இருபத்திரண்டாம் நாள் தன்மேலேயே சந்தேகம் கொள்பவர்கள் இந்த எண்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மற்றவர்கள் நீட்டும் இனிப்பு வேறு வகை. மார்லட் பட்டியலிட்ட ஆபத்தான சூழல்களில் மன வருத்தம், சச்சரவு ஆகியவற்றோடு சுற்றியிருப்பவர்களின் வற்புறுத்தலும் முன்வரிசையில் இருக்கிறது. "ஒரு துண்டுதானே, எனக்காக எடுத்துக்கொள்ளுங்கள்" என்பவர் அன்பினால்தான் சொல்கிறார். அவருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பை விளக்கத் தொடங்கினால் பேச்சு நீளும். பேச்சு நீள நீளத் தட்டும் அருகே வரும். பிறந்தநாளுக்குப் புறப்படும் முன்பே நான் முடிவு செய்துவிடுகிறேன்: கேக் நீட்டப்பட்டால் ஒரு சிறு துண்டு வாங்கி உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிடுவேன், அல்லது "இன்று வேண்டாம், நன்றி" என்பேன். இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொள்வதன் பயனை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் போன்றோரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முன்பே தீர்மானித்துச் சாப்பிட்ட துண்டை நான் சறுக்கலாகக் கருதுவதில்லை. இதைச் சலுகை என்று சிலர் கடிந்துகொள்ளலாம். ஆனால் ஆண்டுக்கணக்கில் ஒருவர் கடைப்பிடிக்க வேண்டிய முறையில், உறவினர் வீட்டு மகிழ்ச்சிக்கு இடமில்லாமல் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அறியாமலே உள்ளே வரும் சர்க்கரைக்குப் பொட்டலத்தின் பின்பக்கம்தான் மருந்து. அங்கே பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் அச்சிடப்பட்டிருக்கும். தக்காளி சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை இருக்கிறது. காலை உணவுத் தானியப் பெட்டி ஒன்றைத் திருப்பிப் பார்த்தபோது, மூன்றாவதாகச் சர்க்கரை, ஐந்தாவதாகக் குளுக்கோஸ் சிரப், அதற்குக் கீழே தேன், இன்னும் கீழே பழச்சாற்றுச் செறிவு என்று நான்கு இடத்தில் அது பிரிந்து கிடந்தது. நான்கையும் கூட்டினால் முதலிடத்துக்கு அருகில் வந்திருக்கும். செயற்கை இனிப்பூட்டிகளைப் பொறுத்தவரை, உடல் எடையைக் கட்டுப்படுத்த அவற்றை நாட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பரிந்துரைத்தது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. நான் அவற்றைச் சேர்க்காததற்குக் காரணம் எளிது: நாக்கைக் குறைந்த இனிப்புக்குப் பழக்குவதே நோக்கமாக இருக்கும்போது, பழைய அளவு இனிப்பையே வேறொரு பொருளால் கொடுத்துக்கொண்டிருப்பதில் எனக்குப் பயன் தெரியவில்லை.

இரண்டு தரப்பினர் மேற்சொன்னவற்றைத் தாமாகவே பின்பற்றக் கூடாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் திடீரென்று குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மருந்தின் அளவை மருத்துவர்தான் மாற்றித் தர வேண்டும். இரத்தச் சர்க்கரை அளவு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போய் வியர்வையும் நடுக்கமும் வந்தால், உடனே 15 கிராம் குளுக்கோஸ் உட்கொள்வது சிகிச்சை. அதைச் சறுக்கல் என்று எண்ணித் தள்ளிப்போடவே கூடாது. உணவைக் கடுமையாக ஒதுக்குவதும் பிறகு அடக்க முடியாமல் உண்பதுமாக மாறி மாறித் துன்பப்பட்டவர்களுக்கு, எந்தத் தடையும் அந்தச் சுழலை மீண்டும் தொடங்கிவைக்கக்கூடும். அவர்கள் மருத்துவ உதவியோடு மட்டுமே இதில் இறங்க வேண்டும்.

சில நேரங்களில் சறுக்கல் ஒரு வேளையோடு நிற்பதில்லை. வீட்டில் ஒருவருக்கு நீண்ட உடல்நலக் குறைவு, வேலையிடத்தில் நெருக்கடி, துக்கம் என்று ஏதாவது வந்து, வாரக்கணக்கில் பழைய உணவுக்கே திரும்ப நேர்கிறது. எனக்கும் அப்படிப்பட்ட காலம் இருந்தது. அந்த வாரங்களில் வேறு கடமைகள் முன்னால் நின்றன. மீண்டும் தொடங்கியபோது எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தவில்லை. முதலில் பானங்களிலிருந்து தொடங்கினேன். திரவமாக உள்ளே போகும் சர்க்கரை வயிற்றை நிறைத்த உணர்வை அவ்வளவாகத் தருவதில்லை என்பதால், அதை எடுத்துவிட்டாலும் பசி பெரிதாகக் கூடுவதில்லை. பிறகு மதிய உணவின் நேரத்தை மீட்டேன், அதற்கடுத்துத் தூக்கத்தை. இரவுநேர பிஸ்கட்டைக் கடைசியாகத்தான் தொட்டேன். அதற்குள் அது பாதியாகக் குறைந்திருந்தது. சர்க்கரை டப்பா மீண்டும் மேல் அலமாரிக்குப் போனது. இம்முறை நுனிக் கரண்டிப் படியில் நான் நெடுநாள் நிற்கவில்லை. காபியில் அரைக் கரண்டியை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். 25 கிராம் வரம்புக்குள் அது அடங்குகிறது, அதைக் குறைக்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.